ஷோகேஸின் கீழ்த்தட்டு

பெரியவனே, சின்னவளே,

போன லீவில் நீங்கள் இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, நானும் சேர்ந்துதான் சிரித்தேன். ஆனால் சின்னவளே, நீ கேட்ட ஒரு கேள்விக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "நம்ம வீட்ல மட்டும் ஏம்ப்பா எல்லாச் சாமானும் உத்தரத்துக்குப் பக்கத்துலயே இருக்கு?" என்று கேட்டாய். "எலித் தொல்லை" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டேன். எலியைப் பற்றி நான் ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை என்று உங்களுக்கும் தெரியும். நேரில் பேசும்போது எனக்கு வார்த்தை வராது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான், ஆனாலும் எழுதினால் கொஞ்சம் வரும் என்று தோன்றுகிறது. அதனால் இதை எழுதுகிறேன். அந்த ஸ்பீக்கர் விஷயத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பெரியவனே, நீ அந்த இரண்டு பெட்டிகளைச் சென்னையிலிருந்து கப்பலில் கொண்டுவந்த கோலம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மூன்று நாளும் உன் படுக்கையில் அதுகளைப் படுக்க வைத்துவிட்டு நீ காலை மடக்கிக்கொண்டு ஓரத்தில் தூங்கினாய் என்று உன் தங்கச்சி சொன்னாள். ஆட்டோவிலிருந்து இறக்கியபோது வாசலில் நின்ற அம்மா முதலில் உன்னைப் பார்க்கவில்லை, பெட்டியைத்தான் பார்த்தாள்.

"என்னடா இது, தேனீப் பெட்டியா?"

"ஸ்பீக்கர்ம்மா. அப்பாவுக்கு. இதுக்குப் பேரே புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர். ரொம்பச் சின்னது."

"நம்ம வீட்ல புக்கும் இல்ல, ஷெல்ஃபும் இல்ல. ஹால்ல நாலு பேர் உக்காந்தா அஞ்சாவது ஆளு வாசப்படியில நிக்கணும். இதுங்க எங்க நிக்கும்?"

அம்மா சொன்னதில் தப்பே இல்லை. நம் ஹால் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியாதா? ஒரு சுவர் முழுக்க ஷோகேஸ், எதிரே நாற்காலிகள், நடுவில் ஒரு ஆள் நடக்கிற இடம். அவள் அங்கேயே நின்று மூன்று சட்டம் போட்டாள். பெட்டி தரையில் நிற்கக் கூடாது. வந்தவர்கள் கண்ணில் படக் கூடாது. வயர் யார் காலிலும் தட்டக் கூடாது. "நீங்க கப்பல் ஏர்றதுக்குள்ள அப்பா எடம் கண்டுபுடிச்சா சரி. இல்லாட்டி வந்த மாதிரியே பெட்டியில போட்டு எடுத்துட்டுப் போயிரு. மெயின்லேண்டுல வெச்சு நீயே கேளு" என்றாள்.

உன் முகம் சுருங்கிப்போனது. "வெச்சிடலாம்டா" என்று நான் சொன்னேன். சொல்லும்போது எங்கே வைப்பேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் அது திரும்பிப் போகக் கூடாது என்று மட்டும் இருந்தது. ஏன் என்றால், போன தீபாவளிக்கு நீ போனில் "அப்பா, உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டபோது, எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பேச்சோடு பேச்சாக, நிக்கோபாரில் நாங்கள் முன்னால் இருந்த கட்சால் தீவின் கிளப்பைப் பற்றிச் சொன்னேன். நீ அதை மறக்கவில்லை.

அந்தக் கிளப்பை நீங்கள் பார்த்ததில்லை. ரப்பர் தோட்டத்து ஆட்களுக்காகக் கட்டின ஒரு கொட்டகை. மேலே தகரம், சுற்றிலும் இடுப்பளவு சுவர், கீழே சிமெண்டுத் தரை. மாற்றலாகி மெயின்லேண்டுக்குப் போன ஒரு மேனேஜர், கப்பலில் ஏற்ற முடியாமல் ஒரு டேப் செட்டையும் இரண்டு பெரிய மர ஸ்பீக்கர்களையும் அங்கேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் பாட்டுப் போடுவார்கள். ரப்பர் பால் வெட்டுகிறவர்கள், பாலை உறையவைத்து ஷீட்டுக்குப் புகை போடுகிறவர்கள் எல்லாரும் குடும்பத்தோடு வந்து தரையில் உட்காருவார்கள். எவ்வளவு குளித்தாலும் சட்டையில் புகைக்கூடத்து வாசம் இருக்கும். இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்து, மாத்தளையைப் பற்றியும் அப்புத்தளையைப் பற்றியும் விட்ட இடத்திலிருந்து பேசிக்கொண்டே இருக்கிற பெரியவர்கள்கூட, பாட்டு ஆரம்பித்ததும் வாயை மூடிக்கொள்வார்கள். கேசட் எல்லாம் கப்பலில்தான் வரவேண்டும். கப்பல் வராவிட்டால் ஒரு மாசத்துக்கும் ஒரே கேசட். எந்த வரியில் எங்களில் யார் இருமுவார்கள் என்பதுவரை எங்களுக்குப் பாட்டோடு சேர்ந்து மனப்பாடம்.

நான் பெட்டிக்கு முன்னால் முதல் வரிசையில் உட்காருவேன். தபேலா அடித்தால் சத்தம் காதுக்கு வருவதற்கு முன் நெஞ்சுக்கு வந்துவிடும். அப்படி ஒரு சத்தத்தை அதற்குப் பிறகு நான் கேட்டதே இல்லை. பிழைப்புக்கு பஸ் ஓட்ட வந்தவனுக்கு நாள் முழுக்க இன்ஜின் சத்தம்தான். போனில் பாட்டுக் கேட்டால் டப்பாவுக்குள் கொசு பாடுகிற மாதிரி இருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மறுநாளே நான் வேலையை ஆரம்பித்துவிட்டேன். எங்கே வைப்பது என்று யோசிக்கவே இல்லை. சுவரின் இரண்டு மூலையிலும், கூரைத் தகரத்துக்கு ஒரு சாண் கீழே, எல்-ஆங்கிள் அடித்துப் பலகை வைத்தேன். பலகைக்குச் சுவரின் பச்சையையே பூசினேன். அண்ணாந்து பார்த்தால்தான் பெட்டி தெரியும், வயர் உத்தரத்தோடு போய்விடும். அம்மாவின் மூன்று சட்டமும் சரியாகிவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

பக்கத்து வீட்டு வங்காளிக்காரர், நமக்கு ஷோகேஸ் செய்து கொடுத்த தச்சர், ஏணியைப் பிடித்துக்கொள்ள வந்தார். மேலே பார்த்தார். "தாதா, கபூதர் பாலேகா க்யா?" என்றார். புறா வளர்க்கப் போகிறாயா என்று கேட்கிறார்.

"ஸ்பீக்கர் ஹை, பாய்."

"அச்சா. தோ கபூதர் கே லியே கானா பஜேகா." அப்படியானால் புறாவுக்குப் பாட்டு போடப் போகிறாய் என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

அப்புறம் நீ பாட்டுப் போட்டாய். எனக்குப் பிடித்த பழைய பாட்டுத்தான். ஆனால் எப்படி இருந்தது? பஸ் ஸ்டாண்டில் அறிவிப்புச் சொல்லுகிற மாதிரி எங்கேயோ மேலே போய்க்கொண்டிருந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன், எழுந்து நின்று பார்த்தேன். நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. நம் ஊர் மழை தகரத்தில் இறங்கினால் பக்கத்தில் இருக்கிறவன் கத்தினாலும் கேட்காது. பாட்டுப் போனது போனதுதான்.

"அப்பா, தகரத்துக்குப் பக்கத்துல கொண்டுபோய் வெச்சுட்டீங்க. இப்ப மழைக்குத்தான் பாட்டுக் கேக்குது" என்று நீ கத்தினாய்.

மழை கொஞ்சம் குறைந்ததும் நீ பொறுமையாகச் சொன்னாய். ஆள் உட்கார்ந்தால் காது எந்த உயரத்தில் இருக்குமோ ஏறக்குறைய அந்த உயரத்தில் பெட்டி இருக்க வேண்டுமாம், அப்போதுதான் சத்தம் நேராக வருமாம். "கீழ எறக்கிருவோம்ப்பா."

"கீழ வேணாம்!"

நான் சொன்ன அதே நொடியில் அடுப்படியிலிருந்து அம்மாவும் சொன்னாள். இரண்டு பேரும் சேர்ந்து ஒத்திகை பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது. நீங்கள் சிரித்தீர்கள். அப்போதுதான் சின்னவளே, நீ வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாய். அரிசி டிரம் மேசை மேல். தையல் மிஷின் தலைக்கு மேல் பலகையில், தைக்க வேண்டுமானால் இரண்டு பேர் இறக்க வேண்டும். டிவி கழுத்து வலிக்கிற உயரத்தில். எங்கள் கட்டில் காலுக்கு இரண்டு செங்கல் வைத்து நிற்கிறது. அம்மா உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டாது. எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டாய்.

எலி என்று சொல்லிவிட்டு வெளியே போனேன் அல்லவா, அடுத்த நாள் எனக்கு அந்தமானின் வடகோடியில் இருக்கிற திக்லிபூருக்கு டிரிப். விடிவதற்கு முன்னாலேயே கிளம்பி நாள் முழுக்க ஓட்ட வேண்டும். உன் கேள்வி என்னோடு பஸ்ஸில் வந்தது.

கட்சாலில் எங்கள் வீடு ஜெட்டிப் பக்கம் கீழே இருந்தது. கல்யாணம் ஆன புதிதில், தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இடம் போதவில்லை என்று நானே ஆசைப்பட்டுக் கீழே கட்டினேன். தண்ணி வந்த அன்றைக்குக் காலையில் முதலில் பூமி ஆடியது. கடல் பின்னால் போகிறது என்று யாரோ சத்தம் போட்டார்கள். பெரியவனே, நீ கைக்குழந்தை. உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ரப்பர் மரங்களுக்கு நடுவே மேட்டில் ஏறினேன். அம்மா வெறுங்கையோடு ஏறினாள். மேலே நின்று திரும்பிப் பார்த்தபோது வீடு இருந்த இடத்தில் கடல் இருந்தது. கிளப் இருந்த இடத்திலும் கடல்தான். எங்களோடு தரையில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டவர்களில் எத்தனையோ பேர் மேலே வந்து சேரவில்லை. அவர்களைப் பற்றி இன்னொரு நாள் நேரில் சொல்கிறேன், எழுத வரவில்லை.

மேலே இருந்ததெல்லாம் மிஞ்சியது. கீழே இருந்ததெல்லாம் போனது. அதற்குப் பிறகு எங்கள் கைக்குத் தெரிந்த ஒரே பழக்கம் அதுதான். முகாமில் இருந்தபோதும், சின்னவளே நீ பிறந்த அந்தத் தகரக் கொட்டகையிலும், கையில் எது கிடைத்தாலும் மேலே மாட்டினோம். பிறகு கடலே கண்ணில் படாத இந்த புரோத்ராபூர் மேட்டுக்கு வந்து வீடு கட்டினோம். சுற்றிலும் காய்கறித் தோட்டமும் பாக்கு மரமும்தான். இங்கே தண்ணி வராது என்று எங்களுக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை. ஸ்பீக்கரை வைக்க நான் யோசிக்கவே இல்லை என்று எழுதினேனே, அது இதனால்தான்.

திக்லிபூரில் பஸ்ஸை நிறுத்திவிட்டு டீ குடிக்கும்போது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. கிளப்பில் அந்தப் பெட்டிகள் எங்கே இருந்தன? சத்தம் நெஞ்சில் வந்து மோதியது என்றால் அவை மேலே இருந்திருக்க முடியாது. எவ்வளவு யோசித்தும் பெட்டியின் முகத் துணிதான் ஞாபகம் வந்தது, அதன் கால் ஞாபகம் வரவில்லை.

மறுநாள் வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டேன். நீங்கள் இரண்டு பேரும் சந்தைக்குப் போயிருந்தீர்கள்.

"நம்ம கிளப்புல ஸ்பீக்கர் பெட்டி எதுமேல இருந்துச்சு?"

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "பெஞ்சு மேல. கட்டப் பெஞ்சு. நான் அதுக்குப் பக்கத்துலதான் உக்காருவேன். நீங்க நடுவுல வந்து உக்காந்து எல்லாத்தையும் மறைப்பீங்க. அப்பவே தல பெருசு."

"எவ்வளவு ஒசரம் இருக்கும்?"

அவள் கையைத் தரைக்கு மேல் நீட்டிக் காட்டினாள். முழங்கால் உயரம். காட்டின கையை இறக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு அவள் ஷோகேஸைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஷோகேஸின் மேல்தட்டுகள் பிதுங்கிக்கொண்டிருந்தன. கீழே, முழங்கால் உயரத்தில், இந்தக் கோடிக்கு ஒன்றும் அந்தக் கோடிக்கு ஒன்றுமாக இரண்டு கதவு வைத்த அறைகள். தச்சர் செய்து கொடுத்த நாளிலிருந்து நாங்கள் அதில் ஒன்றும் வைத்ததில்லை. போய்க் கதவைத் திறந்தேன். பழைய செய்தித்தாள் விரித்திருந்தது, அதன் மேல் ஒரு பாச்சை உருண்டை. அவ்வளவுதான். இடமே இல்லை என்று நாங்கள் அலைந்த ஹாலில் இவ்வளவு இடம் சும்மா கிடந்தது.

அம்மா கீரையை எடுத்து வைத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள்.

"இங்க தண்ணி வராதுல்ல?"

"இது மேடு. வராது."

"தெரியும். சும்மாதான் கேட்டேன்." குனிந்து அந்தப் பழைய செய்தித்தாளை வெளியே எடுத்தாள். பிறகு, "வைங்க. ஆனா வெளிய தெரியக் கூடாது" என்றாள்.

அதற்குப் பிறகு நடந்த வேலையெல்லாம் நீங்கள் கூட இருந்து செய்ததுதான், இருந்தாலும் எழுதி வைக்கிறேன். என்றைக்காவது உங்கள் வீட்டிலும் ஒரு சின்ன ஹால் இருக்கும். பெட்டியின் பின்னால் ஒரு துளை இருக்கிறது, அது மூச்சு விட இடம் வேண்டும் என்று நீ சொன்னாய். ஷோகேஸின் முதுகுப் பலகையைத் தச்சர் அந்த இரண்டு அறைக்கு மட்டும் அறுத்துக் கொடுத்தார். புறா மேலிருந்து இறங்கிவிட்டதா என்று கேட்காமல் அவர் ரம்பத்தையே எடுக்கவில்லை. சுவருக்கும் ஷோகேஸுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி விட்டு நகர்த்தினோம். கதவின் நடுப்பலகையைக் கழற்றிவிட்டு, சட்டத்தில் துணி இழுத்துக் கட்டினோம்.

எந்தத் துணி என்பதில்தான் அம்மா ஜெயித்தாள். நீ கடையில் விலை கூடின கறுப்புத் துணி வாங்கலாம் என்றாய். அவள் ஒவ்வொரு துணியாக வாயில் வைத்து ஊதிப் பார்த்தாள். "என் மூச்சு போனா பாட்டும் போகும்" என்றாள். கடைசியில் ஜன்னல் திரைச்சீலையில் மிஞ்சின துண்டுதான் அவள் மூச்சுக்கு வழி விட்டது. திரைச்சீலையும் கதவும் ஒரே நிறம் ஆனதால் ஷோகேஸில் ஏதோ மாறியிருக்கிறது என்றே தெரியவில்லை.

முதலில் பாட்டுப் போட்டபோது மேல்தட்டுக் கண்ணாடி டம்ளர் எல்லாம் கூடச் சேர்ந்து கிணுகிணு என்று ஆடியது. என் பழைய ஹவாய் செருப்பைக் கத்தரித்துப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். முன்பக்கம் இரண்டு துண்டு, பின்பக்கம் ஒரு துண்டு. பெட்டி முகத்தைக் கொஞ்சம் தூக்கி நம்மைப் பார்த்தது, டம்ளரும் அடங்கியது. "தோட்டத்த விட்டு வந்தும் மனுசன் ரப்பர விடலையே" என்று அம்மா சொன்னாள். அதற்கு நீங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் கேட்கிறது.

நீங்கள் கப்பல் ஏறுவதற்கு முந்தின நாள் சாயந்தரம் நாற்காலிகளை எல்லாம் எங்கள் அறையில் போட்டுவிட்டுத் தரையில் பாய் விரித்தோம். பெட்டி கீழே என்றால் காதும் கீழே வரவேண்டுமே. வெளியே மழை. அதே தகரம், அதே சத்தம். ஆனால் மழை மேலே பெய்தது, பாட்டு கீழே வந்தது. ஒன்றை ஒன்று இடிக்கவில்லை. அந்தப் பழைய பாட்டில் முதல் வரி ஆரம்பிப்பதற்கு முன் பாடகி ஒரு மூச்சு இழுப்பார். இத்தனை வருஷமாகக் கேட்ட பாட்டு, அந்த மூச்சை நான் கேட்டதே இல்லை. பிறகு தபேலா வந்தது. எனக்கு எங்கே இருக்கிறேன் என்று ஒரு நிமிஷம் தெரியவில்லை. புகைக்கூடத்து வாசம்கூட வந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

அம்மா எழுந்து போய் வலதுபக்கப் பெட்டிக்கு ஒட்டினாற்போல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். என்னைப் பார்த்து, "முன்னாடி உக்காந்து மறைக்காதீங்க" என்றாள்.

நீங்கள் இரண்டு பேரும் ஒன்றும் புரியாமல் சிரித்தீர்கள். நான் சிரிக்காமல் நகர்ந்து உட்கார்ந்தேனே, அது இதற்காகத்தான்.

அப்போது தச்சர் குடையோடு வாசலில் வந்து நின்றது ஞாபகம் இருக்கிறதா? மேலே மூலையைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார், நாற்காலி இருந்த இடத்தைப் பார்த்தார். அறுத்துக் கொடுத்தது அவரேதான். இருந்தும், "அரே, கஹாம் ஸே ஆ ரஹா ஹை?" என்று, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடினார். அம்மாவுக்கு வந்த பெருமையைப் பார்க்க வேண்டும். "தேடட்டும், யாரும் சொல்லாதீங்க" என்று உங்கள் காதில் சொன்னாள்.

அன்றைக்குப் பாயைச் சுருட்டும்போது நான் அவளிடம் தையல் மிஷினையும் இறக்கிவிடலாமா என்று கேட்டேன். "ஸ்பீக்கர எறக்கியாச்சு. ஒண்ணொண்ணா எறக்குவோம். ஒரேயடியா வேணாம்" என்றாள். சரி என்றேன். அது போதும் என்றுதான் எனக்கும் இருந்தது.

மறுநாள் உங்களைக் கப்பல் ஏற்றிவிட்டோம். பெட்டி இல்லாமல் கையை வீசிக்கொண்டு நீ படியேறினாய், பெரியவனே. மேலே போய் நின்று, படுக்கையில் இனி காலை நீட்டித் தூங்குவேன் என்று ஜாடை காட்டினாய். கப்பல் திரும்புகிறவரைக்கும் அம்மா ஜெட்டியில் நின்றாள். பிறகு டவுனில் இருக்கிற அவள் தங்கச்சி வீட்டில் இருந்துவிட்டுச் சாயந்தரம் வருகிறேன் என்று போய்விட்டாள். நீங்கள் போகிற நாளில் அவளுக்கு உடனே வீட்டுக்கு வரப் பிடிக்காது.

நான் மட்டும் வந்தேன். பாட்டுப் போடத் தோன்றவில்லை. சும்மா வீட்டைச் சுற்றி வந்தேன். பிறகு எங்கள் அறைக்குப் போய், கட்டிலின் ஒரு மூலைக்கு அடியில் தோளைக் கொடுத்துத் தூக்கி, காலால் ஒரு செங்கல்லைத் தள்ளி வெளியே எடுத்தேன். அப்படியே நாலு மூலையிலும். காலுக்கு ஒன்று எடுத்தேன், ஒன்று விட்டேன். எடுத்ததைத் துடைத்து, பின்பக்கம் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அடுக்கினேன். திரும்பி வந்து கட்டிலின் ஓரத்தில், அம்மா உட்காருகிற பக்கம், உட்கார்ந்து பார்த்தேன். அவள் என்னைவிடக் குட்டை. அதனால் காலைக் கொஞ்சம் மடக்கி, அவளுக்குத் தரை எட்டுமா என்று பெருவிரலால் தொட்டுப் பார்த்தேன்.